முன் இடது சக்கரம்

ஞாயிறு காலை ஆறரை.
ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீர்
நேற்றே வந்து போய்விட்டது.
மிச்சம் இரண்டு வாளி.
சக்கரத்துக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று.
கலக்கக் கூடாது.
போன தீபாவளிக்கு ஒரே துணியால்
எல்லாவற்றையும் துடைத்தேன்,
டிரைவர் பக்கக் கதவில்
பூனை பிராண்டியது போல
இன்னும் இருக்கிறது.

திருநகருக்கும் செல்லம்பட்டி மருந்தகத்துக்குமாக
வாரம் ஆறு நாள் ஓடுகிற சக்கரங்கள்.
ரிம்மில் அப்பியிருக்கும் கறுப்பு
மண் இல்லை.
நான் மிதித்த பிரேக்.
செக்கானூரணி முக்கில் குறுக்கே வந்த ஆடு,
கை காட்டாமல் நின்ற மினிபஸ்,
ஒரே ஸ்கூட்டியில் மூன்று பேரும் ஒரு எல்.இ.டி. டிவியும்,
எல்லாம் அரைபட்டுப் பொடியாகி
விரலில் மை போல ஒட்டுகிறது.

திருப்பூர் போகும்போது சேதுராமன் விட்டுப்போன டூத் பிரஷ்
நட்டுகளின் இடுக்குக்கு அளவெடுத்த மாதிரி.
பாத்திர சோப்பு கொஞ்சம்.
நாலு நட்டில் ஒன்று மட்டும் புதுசு,
மற்ற மூன்றும் அதோடு பேசுவதில்லை.

"கழுவி என்னத்துக்கு? ஓடுனா திரும்ப அழுக்குதான."
பால் பாக்கெட்டோடு எதிர்வீட்டு மங்களேஸ்வரன்.
"நீங்க சாப்பிட்ட தட்டும் அப்படித்தான சார்."
பால் திரிந்துவிடும் போல வேகமாகப் போனார்.

டயரின் பக்கவாட்டில் நாலு எண்.
மூன்று ஆறு ஒன்று எட்டு.
பதினெட்டாம் வருஷம், முப்பத்தாறாவது வாரம்.
எங்கோ ஓர் ஆலையில் இது சூடாகப் பிறந்த வாரம்
நான் ரிவர்ஸில் கட்டையைத் தட்டி
லைசென்ஸ் டெஸ்டில் தோற்றிருந்தேன்.
ஒரே வயசு நாங்கள், சாலைக்கு.
இதற்குத்தான் காது ஓரம் வெடிப்பு விடத் தொடங்கியிருக்கிறது.
அடுத்த போனஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கொண்டை ஊசியால் பள்ளங்களைக் கிண்டினேன்.
சரளை. சரளை.
மூடியின் துண்டு.
ஒரு கொள்ளு, முழுசாக, நசுங்காமல்.
இன்னொரு சரளை என்று நெம்பினால்
அது வரவில்லை.
தேய்ந்து தேய்ந்து வெள்ளிக்காசு போலான
ஆணித்தலை.

எத்தனை நாளாக என்னோடு வந்தாய்?
எச்சில் தொட்டு வைத்தேன்.
குமிழி இல்லை.
திரும்பவும் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.
போனில் சேதுராமன், பாதித் தூக்கத்தில்:
"பிடுங்கிராத. குத்துன ஆணிதான் இப்ப மூடி."
வைத்துவிட்டார்.
அவருக்குத் தெரியாது
அந்த ஒரு வரியை
அன்று முழுக்க நான் எங்கெங்கே பொருத்திப் பார்த்தேன் என்று.

இடத்துக்கு அடையாளம் வேண்டும்.
சாக்பீஸ் இல்லை.
முந்தானையால் ஈரம் ஒற்றி
நெற்றியிலிருந்து எடுத்து
ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்,
மெரூன் நிறப் பொட்டு.

மூன்றாவது ஸ்டாப் பஞ்சர் கடைக்கு
அறுநூறு மீட்டர் இருக்கும்.
ஒவ்வொரு சுற்றுக்கும் என் பொட்டு
தார்ச்சாலையைத் தொட்டுத் தொட்டு எழுவதை
ஸ்டியரிங்கில் உணர்ந்தேன் என்றால்
பொய்தான். ஆனாலும் மெதுவாகப் போனேன்.

"எந்த இடம்க்கா?" பீர் ஒலி குனிந்தார்.
நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
குறடால் இழுத்தார்.
அரை அங்குலம்கூட இல்லை, உள்ளே போகவே இல்லை.
சோப்புத் தண்ணீர் அடித்தும் சுவாசமில்லை.
"சும்மா பயமுறுத்திருக்கு" என்றார்.
காற்று மட்டும் பார்த்துவிட்டு
இருபது ரூபாய்.
பொட்டை அவர் எடுக்கவில்லை. நானும்.

திங்கள்.
செல்லம்பட்டிக்கு முன்னால் சாலை முழுக்கக் கொள்ளுச் செடி.
தலைத்துண்டோடு ஒருத்தி கை அசைக்கிறாள்,
"ஏத்துங்க, ஏத்துங்க, ஓரமாப் போகாதீங்க!"
இரண்டு மணி நேரம் தேய்த்த சக்கரங்களை
நடுவாக ஏற்றினேன்.
மொறுமொறுவென்று
கீழே யாருடைய விளைச்சலோ உடைந்து
உதிர்ந்தது.